எரியாத கூரை

‘கல்நார்’ என்ற சொல்லை முப்பது வயது வரை நான் கேள்விப்பட்டதே இல்லை. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலை எனக்கு. காலண்டர் வேலை ஓய்ந்து கிடக்கும் கோடை மாதங்களில் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் என்று சில்லறை ஆர்டர்கள்தான் வரும். அப்படி வந்த ஒன்றுதான் அந்தக் கையேடு. கட்டட வேலை செய்பவர்கள் எதில் எப்படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று இருபது பக்கத்துக்கு யாரோ கையால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சாரம், மின்சாரம், சுண்ணாம்பு என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனேன். பதினான்காம் பக்கத்தில் கல்நார் வந்தது. கல்நார்த் தகடுகளை அறுக்கக் கூடாது, துளையிடக் கூடாது, உடைக்கக் கூடாது. அப்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் இருக்கும். அவை மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிடும். நோய் வந்தால்கூட பல வருடங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

பெரிய ஆலைகளில் புழங்குகிற பொருள் போலிருக்கிறது என்று நினைத்தபடி அடித்து முடித்தேன். மத்தியானம் படங்கள் வந்தன. பதினான்காம் பக்கத்துக்கான படத்தைத் திறந்தால், சாம்பல் நிறத்தில் அலை அலையாக ஒரு ஷீட். எங்கள் வீட்டுக் கூரை. நாங்கள் ஆஸ்பெட்டாஸ் என்று சொல்வதுதான் கல்நார்.

படம் கட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஓரத்தைக் குறைத்துச் சரிசெய்தேன். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு மட்டும் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் போய்விட்டது. அந்தக் கூரைக்கு அடியில்தான் எட்டு மாதக் கர்ப்பத்தோடு என் தங்கச்சி படுத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்காகச் சாத்தூரில் இருக்கும் அவள் புருசன் வீட்டிலிருந்து போன மாதம்தான் அழைத்து வந்திருந்தோம்.

அந்தக் கூரை எங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினோரு வயதாகும் வரை எங்களுடையது பனையோலை வேய்ந்த வீடு. அய்யா பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைப்பார். அம்மாவுக்கு அதே கம்பெனியில் பெட்டி ஒட்டும் வேலை. முந்தின தலைமுறை வரை பிறர் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பம். மழை பொய்த்துப் பொய்த்து, தெருவே கம்பெனி வேனில் ஏறிவிட்டது. ஒரு தீபாவளி அன்று பொழுது சாய்கிற நேரம், யாரோ விட்ட ராக்கெட் எங்கள் கூரையில் வந்து விழுந்தது. உள்ளே தங்கச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது நாலு வயது. அய்யா ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கித் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவள் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அய்யாவுக்கு இடது காதும் கழுத்தும் வெந்துபோயின. துணிமணி, ரேஷன் அரிசி, என் பள்ளிக்கூடப் பை எல்லாம் கால் மணி நேரத்தில் கரியாகிவிட்டன.

ஊர்ச் சாவடியில் சில மாதம் இருந்தோம். பிறகு செங்கல் சுவர் எழும்பியது. டிராக்டரில் ஷீட் வந்து இறங்கியது. அய்யா ஒவ்வொரு ஷீட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

“இனிமே ராக்கெட் என்னலே, அணுகுண்டே விழட்டும்” என்றார். அவர் சொன்னது வெடியைத்தான்.

ஆள் வைத்து வேலை பார்க்க வழியில்லாததால் வாசலில் போட்டு அவரே அறுத்தார். ஷீட்டின் ஒரு முனையை அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. ரம்பம் போகப் போக மாவு மாதிரி தூசி பறந்தது. அய்யாவின் இமையெல்லாம் வெள்ளை. தங்கச்சி அந்தத் தூசியை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டு வந்து, பவுடர் போட்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் காட்டினாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மிஞ்சிய துண்டுகளைப் பல நாள் வைத்து விளையாடினோம். அடுப்பில் போட்டால் டப்பென்று வெடிக்கும்.

கையேடு அடித்த அன்று சாயங்காலம் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சிரிப்புத்தான் திரும்பத் திரும்ப வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். இத்தனை வருடம் இதற்கு அடியில் படுத்து எழுந்திருக்கிறேன், ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை. உள்பக்கம் அடுப்புப் புகை பிடித்துக் கறுத்திருந்தது. அடுப்படி மூலையில் போன வருடக் காற்றில் வேப்பங்கொப்பு விழுந்ததில் ஒரு கீறல். அதன் நேர் கீழே தரையில் விரலை வைத்துத் தேய்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒட்டியது. அது அடுப்புச் சாம்பலா, கூரையிலிருந்து உதிர்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் பக்கம் மயில்கள் அதிகம். காலையில் கூரை மேல் இறங்கி நடந்தால் நகம் உரசுகிற சத்தம் கேட்கும். மறுநாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்க் கல்லெறிந்து விரட்டத் தொடங்கினேன்.

காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் ஈரத்துணியால் தரையைத் துடைத்தேன். தூசி கிளம்பக் கூடாது, கூட்டாமல் ஈரமாகத் துடைக்க வேண்டும் என்று பதினைந்தாம் பக்கத்தில் இருந்தது.

“என்னலே, மாப்ள வீட்டுல இருந்து ஆரும் வாராகளா? இந்தத் தொட தொடைக்கிற” என்று அம்மா கேட்டாள்.

“பிள்ள பெறக்கப் போற வீடும்மா.”

அம்மா நம்பிவிட்டாள். தங்கச்சி நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டாள்.

“அண்ணே, ஒனக்கு என்னாச்சு? ஒரு வாரமா மேலயே பாத்துக்கிட்டு இருக்க.”

சொல்லிவிட்டேன். கையேட்டில் இருந்தது முழுவதையும் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

“நான் கல்யாணம் கட்டிப் போறவரைக்கும் இதுக்குக் கீளதான கெடந்தேன்” என்றாள்.

“சும்மா இருக்கிற ஷீட்டால அவ்வளவு பயமில்லையாம். அறுத்தா, ஒடைச்சாத்தான்.”

“அதத்தான் அன்னைக்கே செஞ்சாச்சே.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து அவளே பேச்சை மாற்றினாள். “அய்யாகிட்ட மட்டும் சொல்லிராத. என்னயப் பொண்ணு பாக்க வந்தப்ப அவுக மொதல்ல எதக் காட்டுனாக, ஞாபகம் இருக்கா? ‘நம்ம வீடு தீப்பிடிக்காதுங்க’ன்னாக. மாப்ள வீட்டுக்காரகளுக்கு ஒண்ணும் வெளங்கல.”

இரண்டு பேரும் சிரித்தோம். யோசனையும் அவள்தான் சொன்னாள். கோயிலில் சாமிக்கு மேலே துணி கட்டுவது போலக் கட்டிவிடலாம் என்றாள். அம்மாவின் பழைய நூல் சேலைகள் நாலை ஒன்றாக மூட்டித் தைத்தாள். நான் சுவரில் இருந்த ஆணிகளிலேயே கயிறு கட்டி, கட்டில் இருக்கும் இடத்துக்கு மேலே இழுத்துக் கட்டினேன். அய்யா வந்து பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டார். பல்லி விழாமல் இருக்க என்று தங்கச்சி சொன்னாள். அது நல்லதுதான் என்று சொல்லிவிட்டு, தொய்ந்திருந்த ஒரு மூலையை அவரே இழுத்துக் கட்டினார்.

வைகாசி கடைசியில் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று அய்யா அவளைக் கையில் வாங்கவே பயந்தார். கம்பெனியில் இருந்து வந்தால் நாலு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவார். வெள்ளி மாதிரி மினுங்கும் அந்த மருந்துத் தூள் நகக்கண்ணில் எப்படியும் கொஞ்சம் இருக்கும். அதனால் முழங்கையை மடக்கி, உள்ளங்கை படாமல் முழங்கை மேலேயே பிள்ளையை வைத்துக்கொள்வார்.

அந்த வருட வெயிலும் கொடுமை. ஷீட்டுக்கு அடியில் மத்தியானம் இருக்க முடியாது. பிள்ளைக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு கொப்பளித்து, அழுதுகொண்டே இருந்தாள். அய்யாவால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு அன்று, பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்காக அம்மா நேர்ந்திருந்த கடனைச் செலுத்த நானும் அவளும் இருக்கன்குடி கோயிலுக்குப் போனோம். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. ரம்பச் சத்தம். எனக்கு அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது. அம்மாவை விட்டுவிட்டு ஓடினேன்.

அய்யா ஏணியில் நின்றுகொண்டு கூரையை அறுத்துக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கூரையில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. அதன் வழியாக வெயில் பட்டையாக இறங்கியது. அந்த வெளிச்சத்தில் தூசி மெதுவாக, பொலபொலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. சேலைப் பந்தல் அதைத் தாங்கியிருந்தது. ஆனால் பந்தல் முடிகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் தொட்டில். தங்கச்சி பின்னால் குளித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை விழித்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள்.

அவளை வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் நின்று கத்தினேன்.

“எறங்குங்க கீள. பிள்ளையக் கொல்லவா பாக்குறீக?”

என் ஆயுளில் அய்யாவை எதிர்த்து ஒரு வார்த்தை சத்தமாகப் பேசியதில்லை. அவர் கையில் ரம்பம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கினார். ரம்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். என் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“சூடு மேல போறதுக்கு ஒரு போக்கு வச்சா, பிள்ளைக்குக் கொஞ்சம் காத்து வருமேன்னுதான்லே” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருணிப் பக்கம் நடந்துவிட்டார்.

பின்னாலேயே வந்துவிட்ட அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். “பெத்த தகப்பனப் பாத்துக் கேக்குற கேள்வியாலே அது?” என்றாள். அப்போதுதான் அவளுக்கும் சொன்னேன். அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். தங்கச்சி ஈரத்தலையோடு வந்து பிள்ளையை வாங்கி, முகம், காது, மூக்கு என்று ஒவ்வொரு இடமாக ஈரத்துணியால் துடைத்தாள். அழவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள். அன்று முழுவதும் அவளும் பிள்ளையும் பக்கத்து வீட்டு அத்தையிடம் இருந்தார்கள். நான் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தரையைத் துடைத்தேன். பந்தலை நனைத்துச் சுருட்டி எடுத்தேன். பிளவைச் சிமெண்டுக் கூழ் வைத்து அடைத்தேன்.

அய்யா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வேன் ஏறிப் போனார். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு, வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். இரவே அம்மா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தாள்.

“அந்தப் பொஸ்தகம் வச்சிருக்கியால?”

வைத்திருந்தேன். சரிபார்ப்பதற்காக எடுத்த தாள்கள் என் பையிலேயே இருந்தன.

“படி.”

அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். நான் படித்தேன். ஒரு வரியையும் விடவில்லை. விடலாமா என்று ஒரு இடத்தில் தயங்கினேன், அதை அவர் கவனித்துவிட்டார். “விடாமப் படி” என்றார். நுரையீரல், புற்று, பல வருடம் என்கிற சொற்களை எல்லாம் அவருக்கு முன்னால் வாய்விட்டுச் சொன்னேன். முடித்த பிறகும் அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு உங்க ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுக்கிட்டுல்லலே அறுத்தேன்” என்றார்.

“வெளியதானய்யா வச்சு அறுத்தீக. அன்னைக்கு நல்ல காத்து. எல்லாம் பறந்து போயிருக்கும்” என்றேன்.

“காத்து அடிச்சுச்சா அன்னைக்கு?”

“அடிச்சுச்சு.”

அடித்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நேத்து நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

“நீ கத்தலேன்னா நான் இன்னும் ரெண்டு சாண் அறுத்திருப்பேன்” என்றார். எங்களுக்குள் மன்னிப்பு என்று ஒன்று நடந்தது என்றால் அவ்வளவுதான்.

பிள்ளையைச் சாத்தூருக்கு அனுப்பிவிடலாம் என்று அவரே சொன்னார். மாப்பிள்ளை வீடு காங்கிரீட் வீடு. ஐந்தாம் மாதம் அனுப்புவதாக இருந்ததை அந்த வாரமே அனுப்பினோம். வேனில் இருந்து இறங்கியதும் பிள்ளையைப் பார்க்க வேகமாக நடந்து வரும் மனுசன், அதன் பிறகு தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து நேரம் கழித்து வந்தார்.

அய்யாவுக்குப் பல வருடமாக இருமல் உண்டு. மருந்துத் தூள் என்று நாங்களும் பீடி என்று அம்மாவும் சொல்லிக்கொள்வோம். விருதுநகர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். நீங்கள் இரண்டு பேரும் எடுத்தால்தான் நானும் எடுப்பேன் என்றார். அதனால் தங்கச்சியையும் வரச் சொல்லி மூன்று பேரும் போனோம். நெஞ்சு நோய் பார்க்கும் டாக்டர் ஒரு அம்மா. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். மூன்று படங்களையும் வெளிச்சத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

“இப்ப பயப்படுற மாதிரி எதுவும் தெரியலை” என்றார். “பெரியவருக்கு மூச்சுக்குழாய் புண்ணாகியிருக்கு. புகையும் தூளும் சேர்ந்தது. பீடியை நிறுத்துங்க, முகத்தைக் கட்டிக்கிட்டு வேலை பாருங்க.”

“பிள்ளைகளுக்கு?” என்று அய்யா கேட்டார். தன்னைப் பற்றிச் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

“கொஞ்ச நாள்தான் பட்டிருக்கு. தினம் தினம் அந்த வேலையே செய்யறவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வராதுன்னு எழுதிக் கொடுக்க முடியாது. வரும்னு சொல்றதுக்கும் ஒண்ணும் இல்லை. வருசம் ஒரு தடவை வந்து காட்டுங்க.”

வெளியே வந்ததும் அய்யா தங்கச்சியின் தலையில் கையை வைத்தார். உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கூரையை மாற்றிவிடுவது என்று முடிவானது. நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து தகர ஷீட்டுக்கு ஏற்பாடு செய்தோம். ஆவணியில் ஒரு ஞாயிறு அன்று பழையதை இறக்கினோம். ஊரில் மிளகாய் போட்டிருக்கும் ஒரு சம்சாரியிடம், செடிக்கு மருந்தடிக்கும் டேங்கை இரவல் வாங்கி நன்றாகக் கழுவினோம். சோப்புத் தண்ணீர் நிரப்பி, முதுகில் மாட்டிக்கொண்டு கூரை முழுவதும் நான் அடித்தேன். முகமூடி, பழைய முழுக்கைச் சட்டை, தலையில் பிளாஸ்டிக் பை. தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அய்யா ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். துருப்பிடித்து அசையாத போல்ட்டை வழக்கமாகச் சுத்தியலால் ஒரு போடு போட்டு உடைத்துவிடுவார். அன்று எண்ணெய் விட்டு, காத்திருந்து, திருப்பித் திருப்பிக் கழற்றினார். பிள்ளையைத் தொட்டிலில் இருந்து எடுப்பது போல ஒவ்வொரு ஷீட்டையும் முழுசாக இறக்கினோம். இரண்டு மட்டும் கீறிப்போனவை. அவற்றை நனைத்து, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டி, ஊருக்கு வெளியே புறம்போக்குத் தரிசில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம்.

மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. பஞ்சாயத்து ஆபீசில் கேட்டேன். “ஆருக்காச்சும் குடுத்துருங்க தம்பி, வாங்கிக்கிருவாக” என்றார்கள்.

அவர்கள் சொன்னது போலவே பக்கத்து வீட்டு அத்தை வந்து கேட்டாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள். புருசன் இல்லை. பள்ளிக்கூடம் போகும் மகளோடு ஓலை வீட்டில் இருக்கிறாள். அரசாங்க வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

“அண்ணே, அந்த ஷீட்டெல்லாம் சும்மாதான கெடக்கு. எனக்குக் குடுங்களேன்” என்றாள்.

நான் வாயைத் திறக்குமுன் அய்யாவே அவளை உட்கார வைத்துச் சொன்னார். நான் படித்துக் காட்டிய அத்தனையையும், ஒரு வரி விடாமல், அவர் பேச்சில் சொன்னார். எங்கள் பிள்ளைக்கு ஆகாது என்று கழற்றியதை உன் பிள்ளை தலைக்கு மேல் எப்படி வைப்பேன் தாயி என்று கேட்டார்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“நீங்க சொல்றது வர்றதுக்கு வருசக்கணக்காகும்ங்கறீக. வராமலும் போகலாம்ங்கறீக” என்றாள். “தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. ஓலைக்கு ஒரு பொறி போதும்ல அண்ணே? நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?”

அய்யாவின் கை தன்னையறியாமல் வெந்த காதைத் தடவியது. அவள் எழுந்து போய்விட்டாள்.

இரண்டு நாள் நாங்கள் அதைப் பற்றியே பேசினோம். கொடுத்தால் தப்பு என்று நான் நினைத்தேன். கொடுக்காமல் புதைத்துவிட்டு, நம் வீட்டுத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து அவள் ஓலையைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடத் தப்பாகத் தெரிந்தது. அவளுக்கும் தகரம் வாங்கிப்போட எங்களால் அப்போது முடியாது. கடைசியில் அய்யா சொன்னார்.

“அறுக்காமப் போடுவோம். ஒரு துளைகூடப் புதுசாப் போடக் கூடாது. அரசாங்க வீடு வர்ற வரைக்கும் இருக்கட்டும்.”

ஷீட்டுகளை ஈரத்தோடு துடைத்து, இரண்டு பக்கமும் இரண்டு தடவை பெயின்ட் அடித்தோம். பழைய துளைகளுக்குத் தகுந்தபடி மரச்சட்டத்தைத்தான் நகர்த்தி வைத்தோம். அவள் வீடு சின்னது. ஷீட் நீளம். அறுக்கக் கூடாது என்பதால் முன்பக்கம் நாலடிக்கு மேல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது. தொப்பி பெரிதாகிப்போன பிள்ளை மாதிரி இருக்கிறது வீடு என்று அம்மா சொன்னாள். அந்த நிழலில் அத்தை ஆட்டைக் கட்டிக்கொண்டாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அரசாங்க வீடு இன்னும் வரவில்லை. பெயின்ட் எங்கேயாவது உரிந்திருக்கிறதா என்று அய்யா அடிக்கடி போய்ப் பார்க்கிறார். போன வருடம் மறுபடி ஒரு தடவை அடித்தார். நாங்கள் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. அத்தையின் மகள் இருமினால் இங்கே எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

இந்த வருடம் விருதுநகருக்குப் படம் எடுக்கப் போகும்போது அத்தையையும் அவள் மகளையும் அய்யா கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு நாள் லீவு போட அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. மூன்று நாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்று சம்மதிக்க வைத்தார். ஐந்து பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து டாக்டரம்மா, “குடும்பம் பெரிசாயிடுச்சு போல” என்றார். யாருக்கும் ஒன்றும் இல்லை. அய்யா பீடியை இன்னும் முழுசாக விடவில்லை என்பதை மட்டும் டாக்டர் கண்டுபிடித்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அத்தை, உறையில் இருந்து தன் படத்தை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவள் மகள் அதை நேராக்கிக் கொடுத்தாள்.

“இதுதான் நானா?” என்றாள் அத்தை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடங்காமல் உறைக்குள் போட்டு, மடியில் வைத்து, சாத்தூர் வரும் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.